மல்லாக்க

டைல்ஸ் போட்ட பிறகுதான்
எங்கள் வீட்டில் வண்டுகள் சாகத் தொடங்கின.
முன்னாலும் செத்திருக்கும்.
மணல் தரையில் யார் எண்ணினோம்.

சின்னப்பாலத்தில் ராத்திரி பத்துக்கு மேல்
கச்சான் கொஞ்சம் அடங்கினால்
தென்னையை விட்டுக் கொம்பு வண்டு வரும்.
டியூப் லைட்டில் ஒரு டொக்.
தரையில் ஒரு டொக்.
அப்புறம் முதுகால் சுற்றும்,
ஆணியை மேலே வைத்து விட்ட பம்பரம் மாதிரி.

காலையில் கூட்டினால் ஒன்பது, பத்து.
எல்லாமே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு.

நம்புவேல்தான் முதலில் கேட்டது:
"இதுக எல்லாம் ஏண்டி மல்லாக்கவே சாகுது?"

அவருக்கு இந்தப் பக்கம் படுத்தால் தரை,
அந்தப் பக்கம் படுத்தால் சுவர்,
நேரே படுத்தால் ஓடாத ஃபேன்.
வின்ச் கயிறு அறுந்து இடுப்பில் அடித்து
பத்து மாதம்.
ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம்
நான் திருப்பினால்தான் அவருக்குத் திசை.
ஒரு நாள் அசந்து தூங்கிவிட்டேன்,
முதுகில் எட்டணா அளவு புண்.
அதை ஆற்ற ஆறு வாரம் ஆனது.

"கும்பிட்டுக்கிட்டே போகுதுக" என்று
வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.
"ஆறு கையாலயா" என்றார்.
அந்த வாரத்தில் அவர் சிரித்தது அது ஒன்றுதான்.

சொல்லிவிட்டேனே தவிர
எனக்கே தெரிய வேண்டியிருந்தது.
ஒரு ராத்திரி சுவரில் சாய்ந்து பார்த்தேன்.

முதலில் நடை தவறும்.
பிறகு விரித்து ஊன்றிய கால்கள்
ஒவ்வொன்றாக வயிற்றுப் பக்கம் மடங்கும்,
தண்ணீர் நின்றுபோன ரப்பர் குழாய் போல.
கால் மடங்கினால் வண்டுக்கு என்ன மிச்சம்?
முதுகுதான்.
உருண்டை, வழவழப்பு, எல்லா எடையும் அங்கே.
மேல்பாரம் ஏற்றின வத்தை
அலை இல்லாமலும் கவிழும்.
எங்கள் ஊரில் இதைப் படிக்கப் பள்ளிக்கூடம் போக வேண்டாம்.

ஆனால் எல்லாம் சாகப்போகிற வண்டு இல்லை.
மூன்று நல்ல வண்டு.
லைட்டில் மோதி விழுந்தது, அவ்வளவுதான்.
கால்கள் ஆறும் காற்றில் எதையோ தேடின.
வெளியே என்றால் ஒரு அடப்பங்கொடி,
ஒரு சருகு, ஒரு சிப்பி ஓடு.
இங்கே தவணை கட்டி நான் வாங்கிய வெள்ளை டைல்ஸ்.
தேடித் தேடி
விடிவதற்குள் அதுகளும் செத்ததுகளோடு சேர்ந்துவிட்டன.

செத்ததால் மல்லாந்ததா
மல்லாந்ததால் செத்ததா
முறத்தில் அள்ளும்போது ஒன்றும் தெரியவில்லை.

நான் பாசிக்குப் போகிறவள்.
விரலில் துணி சுற்றி, குப்புற முங்கி,
மூச்சு முட்டும்வரை பாறையைப் பிறாண்டுகிற வேலை.
களைத்தால் மல்லாக்கக் கிடப்போம்,
நானும் செண்பகவல்லியும் பிலோமியும்,
காது தண்ணீருக்குள் இருக்க,
அடியில் பொரி பொரிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்க.
கடல் பிடித்துக்கொள்ளும்.
ஒருவரும் பேச மாட்டோம்.
நாளில் எனக்கு நல்ல நேரம் அதுதான்.
இதை மட்டும் அவரிடம் சொன்னதில்லை.

நேற்று ரெண்டு மணிக்கு
தரைப் பக்கமாகத் திருப்பி
முழங்காலுக்கு நடுவே தலையணை சொருகும்போது
அவர் கட்டிலுக்கு நேர் கீழே ஒன்று.
"அதுக்கு ஒரு ஈர்க்கு குடேன்."

வாரியலில் ஒன்று உருவி நீட்டினேன்.
ஒரு கால் தொட்டது. விட்டது.
மறுபடி தொட்டது.
அப்புறம் எங்கிருந்தோ எல்லாக் காலும் வந்து
ஈர்க்கையே தொட்டில் கயிறு போலக் கட்டிக்கொண்டன.
லேசாகச் சாய்த்தேன்.
புரண்டு நின்றது.
நின்று யோசித்தது.
யோசித்து, விர்ரென்று கிளம்பி,
நேராக டியூப் லைட்டில் போய் டொக்.

"கழுத" என்றார். "லைட்ட அமத்து."

அமத்தினேன்.
ரயில் இல்லாத நேரம்.
தரையில் எங்கேயோ
நகம் உரசுகிற சின்னச் சத்தம்.

"செத்துருச்சா?"

"இல்ல. நடக்குது."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நாலு மணிக்கு அலாரம் வைத்துப் படுத்தேன்,
ஒருக்களித்து.